பெயர் மட்டும் எழுதிய பாட்டில்

தஞ்சாவூரில் அலர்ஜி கிளினிக் நடத்தும் அந்த டாக்டர் என் தங்கையிடம் எதையோ மறைக்கிறார். பெயர் போட்டு எழுதத்தான் ஆசை. இந்தப் பத்திரிகை ஆசிரியர் விடமாட்டேன் என்கிறார். போகட்டும். படித்தால் அவருக்கே தெரியும்.

தங்கை ஸ்டெல்லாவுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் நெல். புருஷன் சேவியர் சிங்கப்பூரில். விதைப்பிலிருந்து அறுப்புவரை எல்லாம் இவள்தான். ஆள் வைத்து அறுத்த காலத்தில் தும்மலோடு போய்விடும். அறுவடை மெஷின் வந்த பிறகு, அது கக்குகிற தூசியில் மூச்சே இழுக்கிறது. இன்ஹேலர் இல்லாமல் வயலில் இறங்கமாட்டாள்.

ஒரு வருஷம் வேறொரு டாக்டரிடம் அலர்ஜி ஊசி போட்டாள். வாராவாரம் தஞ்சாவூருக்கு பஸ். போட்டதும் அனுப்பிவிட மாட்டார்கள். ஏதாவது ஆனால் பார்க்க வேண்டுமே என்று அரைமணி நேரம் பெஞ்சில் உட்காரவைப்பார்கள். அன்றைக்கு வயல் வேலை போச்சு.

அப்போதுதான் சேவியர் போனில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “மச்சான், ஊசியே வேணாமாம். நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு, வீட்லயே போட்டுக்கலாமாம். அவளைக் கூட்டிட்டுப் போங்க.”

இந்த டாக்டரின் கிளினிக்குக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு குட்டி பாட்டிலை நீட்டினார். மேலே ஸ்டெல்லாவின் பெயர். ‘நம்பர் 1’. அவ்வளவுதான்.

“உள்ள என்னம்மா இருக்கு?”

“அலர்ஜி சொட்டு சார்.”

“அது தெரியுது. எந்த அலர்ஜிக்கு? ஊசி போட்ட எடத்துல தூசிப் பூச்சிக்குன்னு சீட்டுல எழுதிக் குடுத்தாங்களே?”

“பேஷன்ட்டுக்குன்னே ஸ்பெஷலா தயாரிக்கிறது சார். வெளிய சொல்லமாட்டாங்க.”

டாக்டரிடமே கேட்டேன். “நீங்க டாக்டரா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப சொன்னாப் புரியுமா?”

ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “விடுண்ணே. பஞ்சாயத்துப் பண்ணத்தான் வந்தியா?”

கிளம்பும்போது கவுன்ட்டர்ப் பெண் ஒன்று சொன்னார். “இனிமே இன்ஹேலர்கூடத் தேவைப்படாது மேடம்.” முதல் சொட்டை அங்கேயே போட்டுப் பார்க்கவும் இல்லை. ஊசிக்கு அரைமணி நேரக் காவல். சொட்டுக்கு டாட்டா!

ஸ்டெல்லா அந்தச் சொட்டை எடுத்துக்கொண்ட பக்தி இருக்கிறதே... இரண்டு நிமிஷம் விழுங்காமல் வைத்திருக்க வேண்டுமாம். கடிகாரம் பார்க்கமாட்டாள். மனதுக்குள் ஜெபமாலையில் பத்து மணி. அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் கையால்தான் பேச்சு. “என்ன தங்கச்சி, மௌன விரதமா?” என்று பக்கத்து வயல்காரர் கேலி பண்ணுவார். இன்ஹேலர் தீர்ந்தது. புதிதாக வாங்கவில்லை.

தை மாசம் வயலில் மெஷின் இறங்கியது. “இந்தத் தடவை ஒதுங்கி நிக்கமாட்டேன்” என்று வரப்பிலேயே நின்றாள். மூன்றாவது சுற்று முடிவதற்குள் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. மெஷின் டிரைவர் பின்னால் பிடித்துக்கொள்ள, அவளை நடுவில் வைத்து என் பைக்கில் பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

மாஸ்க் வைத்து மருந்தைப் புகையாக விட்டார்கள். மூச்சு வந்தது. டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல உங்க தங்கச்சி பேரு மட்டுந்தான் சார் இருக்கு.”

“அப்ப இந்தச் சொட்டு வைத்தியமே ஃபிராடா மேடம்?”

“அப்படிச் சொல்லாதீங்க. இது உண்மையான வைத்தியம்தான். சில அலர்ஜிக்கு நல்லாக் கேக்கும். ஆனா வருஷக்கணக்குல எடுக்கணும். எந்த அலர்ஜிக்கு, எவ்வளவு வீரியம்னு பாட்டில்ல இருக்கணும். மொத சொட்டை டாக்டர் முன்னாடி போடணும். அது சரி, இன்ஹேலரை யாரு நிறுத்தச் சொன்னது?”

கவுன்ட்டரில் சொன்னார்கள் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பாதிக் கோபம் எனக்கு என்மேல்தான். நம் ஊரில் எவனாவது கட்டிய மூட்டையை அப்படியே நம்பி வாங்குவானா? குத்தூசியைச் சொருகி, நாலு நெல்லை உருவி, பல்லில் கடித்து, ஈரம் பார்த்த பிறகுதான் பேச்சே. சொந்த மாமன் மூட்டையானாலும் அப்படித்தான். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் மட்டும் குத்தூசியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போகிறோம்... ஏன்?

கிளினிக்குக்கு மூன்று தடவை போன் போட்டேன். முதல் தடவை, “கோர்ஸ் முடியல சார்.” அடுத்த தடவை, “டாக்டர் மீட்டிங்ல இருக்கார்.” மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை.

ஸ்டெல்லா இன்ஹேலருக்குத் திரும்பிவிட்டாள். பாட்டிலைத் தூக்கி எறியவில்லை. ஃப்ரிட்ஜில் இருக்கிறது. “அவங்க ஒழுங்காப் பதில் சொல்லட்டும்ண்ணே. சரியா இருந்தா, டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டுப் போட்டுக்கறேன். இல்லாட்டி பழையபடி வாராவாரம் பஸ்ஸுதான்” என்கிறாள். குறுவை அறுப்புக்குள் அவளுக்கு இது முடிவாக வேண்டும்.

டாக்டர், இனி போன் வேண்டாம். கவுன்ட்டர் வழியாகவும் வேண்டாம். என் தங்கையின் நாக்குக்கு அடியில் தினமும் என்ன ஊற்றச் சொன்னீர்கள்? இன்ஹேலர் தேவைப்படாது என்று சொல்ல உங்கள் கவுன்ட்டருக்கு அதிகாரம் கொடுத்தது யார்? பதிலை இதே பக்கத்தில், உங்கள் கையெழுத்தோடு, ஊரே படிக்கும்படி எழுதுங்கள். ஆசிரியர் இடம் ஒதுக்கிவிட்டார்.