ஈரல் தேறிய ஒரு மாதம்

என் வீட்டுக்காரர் மரவள்ளிக்கிழங்கைப் பாதியில் ஒதுக்கி வைத்த அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஜப்பான்காரன் ஆண்ட பஞ்ச காலம். ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையிலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் தட்டில் மிச்சம் வைப்பதில்லை. வலது விலாவுக்குக் கீழே கனக்கிறது என்றார். கண்ணும் மஞ்சளாகியிருந்தது.

குடிக்கிற மனிதர். குளிருக்கு என்று தொடங்கியது. அரிசி கிடைக்காவிட்டாலும் கிழங்கில் காய்ச்சிய சம்சு (கள்ளச்சாராயம்) கிடைத்தது.

தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) வயிற்றை அழுத்திப் பார்த்தார். "ஈரல்ல கொழுப்பு ஏறி வீங்கிப்போச்சும்மா."

"எலும்பும் தோலுமா இருக்காரு, கொழுப்பு எங்கேருந்துங்கய்யா வந்துச்சு?" என்று சிரித்துவிட்டேன்.

ஒல்லியான கணவனை நம்பித் தைரியமாக இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சாராயம் உள்ளே போனால் ஈரல் அதைத்தான் முதலில் கவனிக்கும். எரிய வேண்டிய கொழுப்பு எரியாமல் அங்கேயே தங்கும். போதாததற்கு ஈரலே புதிதாகக் கொழுப்பை உண்டாக்கும். பல வருடம் கழித்துத் தானா ராத்தா ஊரில் ஒரு மருத்துவர் எனக்கு இப்படி விளக்கினார். டிரெசர் அன்று சொன்னது சுருக்கம்: "இப்ப குடிய விட்டா தேறிடுவாரு. விடலன்னா ஈரல் இறுகிடும்."

அதே வாரம் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்தார்கள்; அங்கே போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. வேலைக்கு லாயக்கில்லை என்று டிரெசர் எழுதியதால் இவர் தப்பினார்.

"குடிய விட்டா சயாம் போவணும்லா. இந்த ஈரல் இப்படியே இருக்கட்டும் புள்ள," என்றார்.

"சயாம் போறதுக்கு முந்தி சுடுகாட்டுக்குப் போயிடுவீங்க," என்று சொல்லிவிட்டு, இருந்த சம்சுவைக் கொட்டினேன்.

முதல் வாரம் அவருக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. டிரெசர் தினமும் வந்து பார்த்தார். மருத்துவர் துணையில்லாமல் நீங்கள் இதைச் செய்யாதீர்கள். பிறகு பசி வந்தது. கண்ணில் மஞ்சள் போனது. சாயங்காலங்களில் என்னோடு உட்கார்ந்து பேசினார். பேச்சு இத்தனை இருந்ததா இவரிடம் என்று எனக்கே ஆச்சரியம். நான் கட்டிக்கொண்ட மனிதரோடு வாழ்ந்தது அந்த ஒரு மாதம்தான்.

அந்தச் சந்தோஷத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரு கிழங்கு மூட்டைய ஒத்தையா தூக்குறாருலா," என்று தண்ணீர்க் குழாயடியில் பெருமை அடித்தேன். அது கிராணி (தோட்டத்துக் கணக்கர்) காதுக்கும் போனது. சயாமுக்கு அனுப்பும் அடுத்த பட்டியலில் இவர் பெயர் இருந்தது.

லோரியில் ஏறக் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தானே ஏறிக்கொண்டார். "ஒடம்புதான் நல்லாருக்கே, வந்துடுவேன்," என்றார். வரவில்லை.

குடியை நிறுத்தியதற்கு நான் வருந்தவில்லை. வாயைத் திறந்ததற்குத்தான் வருந்துகிறேன். எத்தனையோ வருடம் போய்விட்டது, என் உடம்பும் கிழடாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு மாதம் மற்ற எல்லாவற்றையும் விட நீளமாக இருக்கிறது. அவர் மஞ்சள் கண்ணோடு, குடித்துவிட்டுத் தள்ளாடி வந்திருந்தாலும் போதும். மறுபடி சம்சுவைக் கொட்டி, முதல் நாளிலிருந்து தொடங்கியிருப்பேன்.