செல்வராணியின் இடது கை

தொழிற்சாலை மூடப்பட்டதும், சிம்பாங் ரெங்கம் ஊர்க்காரரான செல்வராணி தம் நாற்பத்திரண்டாம் வயதில் சமூகக் கல்லூரிக்குப் போய் ரத்தம் எடுக்கும் படிப்பில் சேர்ந்தார். தேறினால் பக்கத்து ஊரான குளுவாங்கில் ஒரு கிளினிக்கில் வேலை காத்திருந்தது. மனித குலத்துக்குச் சேவை செய்வது என்று முடிவாகிவிட்டது; மனித குலம்தான் ஒத்துழைக்கவில்லை. பழகுவதற்குக் கணவர் மதிவாணன் மூன்று முறை கை நீட்டினார். நான்காம் முறை கேட்டபோது டுரியான் பழம் வாங்கக் கிளம்பிவிட்டார். மைத்துனர்கள் கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டைக்கு மாறினார்கள்.

ஊசி ஒவ்வொரு முறையும் குறி தவறியதற்குக் காரணம் மரியாதைதான். செல்வராணி பிறவியிலேயே இடது கைக்காரர். எழுதுவது, காய் நறுக்குவது எல்லாம் அந்தக் கைதான். ஆனால் பிறருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பதானாலும் வலது கையால்தான் கொடுப்பார், வளர்ப்பு அப்படி. கல்லூரியில் பழக வைத்திருந்த ரப்பர் கைக்கு மானம் மரியாதை கிடையாது என்பதால், அதில் இடது கையால் குத்திப் பாராட்டு வாங்கினார். உயிருள்ள மனிதரைப் பீச்சாங்கையால் குத்தலாமா? வலது கையால் மரியாதையாகக் குத்தினார். ரத்தக்குழாயும் மரியாதையாக விலகிக்கொண்டது.

இறுதித் தேர்வில் இரண்டே வாய்ப்பு. ரத்தம் எடுக்கக் கை நீட்ட வந்தவரோ விசுவலிங்கம் ஐயா, ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, நெற்றி நிறையத் திருநீறு. இந்தக் கோலத்தைப் பார்த்ததும் செல்வராணியின் மரியாதை இரு மடங்காகியது. வலது கையாலேயே குத்தினார், ஊசி தவறியது. முதல் வாய்ப்பு போயிற்று.

தேர்வு நடத்திய கிருஷ்ணகுமாரி டீச்சர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீங்க இடது கையால தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா டீச்சர். ஆனா பெரியவங்களப் போய் அந்தக் கையால..."

விசுவலிங்கம் ஐயா பஞ்சை அழுத்திக்கொண்டே அரசாங்க நிதானத்துடன் சொன்னார்: "நீங்க எனக்கு ஒண்ணும் கொடுக்கலம்மா, எடுக்குறீங்க. எடுக்குறதுக்கு எந்தக் கையா இருந்தா என்ன லா?"

இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. செல்வராணி மனசுக்குள் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவருடைய மறு கையைப் பிடித்து, புது ஊசியை இடது கையில் எடுத்தார். ஐயா கண்ணை மூடுவதற்குள் சோதனைக் குழாயில் ரத்தம் ஏறிவிட்டது.

"பாஸ்," என்றார் டீச்சர். "அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

செல்வராணி நகரவில்லை. இத்தனை மாத மூச்சையும் ஒன்றாக விட்டபடி, ஐயாவின் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே நின்றார்.

"ரத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சும்மா," என்றார் விசுவலிங்கம் ஐயா. "இப்போ கைய விட்டா நான் வீட்டுக்குப் போவேன்."