நான் நாத்தனார் ஆன கதை: மலாக்காவில் ஒரு பரிசம்

மலாக்கா போனவர்கள் எல்லோரும் போடுகிற படம் ஒன்றுதான்: சிவப்புக் கட்டடம், அதன் முன்னால் பூ ஜோடித்த ரிக்‌ஷா. எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. தோட்டத்துத் தமிழர்கள் நல்லது கெட்டதை எப்படி நடத்துகிறார்கள், நம்மிடமிருந்து எதை வைத்துக்கொண்டார்கள், எதை மாற்றிக்கொண்டார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகவே போன மே மாதம் திண்டுக்கல்லிலிருந்து தனியாகக் கிளம்பினேன். கிரிக்கெட்டை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டார் வீட்டுக்காரர். நல்லதாய்ப் போயிற்று, இல்லாவிட்டால் அவருக்குச் சோறு தேடியே பாதி நாள் போயிருக்கும்.

கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் பேருந்து பதினைந்து ரிங்கிட், இரண்டரை மணி நேரம். அங்கிருந்து புக்கிட் ரம்பாய்க்கு வாடகைக் கார் பதினான்கு ரிங்கிட். சுற்றிலும் ஃபேக்டரிகள், நடுவில் வரிசை வீடுகள். அதில் ஒன்றின் மாடியறையை நாளுக்கு அறுபது ரிங்கிட்டுக்குப் பிடித்திருந்தேன். வீட்டுக்காரம்மா சரோஜா, பக்கத்தில் செங் என்ற ஊரில் ஃபேக்டரி ஒன்றில் சூப்பர்வைசர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். கணவர் இறந்த பிறகு ஒரே மகன் நவீனைத் தனியாக வளர்த்தவர்.

"வாங்க தங்கச்சி, சாப்பிட்டாச்சா?" என்று பையை வாங்கினவர், அடுத்த மூச்சிலேயே, "நாளைக்கு மவனுக்குப் பரிசம். நீங்களும் வாங்க லா" என்றார், மலேசியாக்காரர்கள் பேச்சின் கடைசியில் ஒட்டுகிற அந்த 'லா'வோடு. எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு சுங்கை ரம்பாய் (இது வேறு ரம்பாய்) பக்கம் இருக்கிற தோட்டத்துக்குப் போனோம். சரோஜாக்காவின் கணவர் பிறந்த இடம். பால்மரம் என்கிற ரப்பர் போய் இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. ஆனால் மாரியம்மன் கோவில் அதே இடத்தில் இருக்கிறது. வீட்டில் விசேஷம் என்றால், ஊருக்குள் குடியேறிவிட்ட குடும்பங்களும் தட்டுகளை முதலில் இங்கே கொண்டுவந்து அம்மன் முன்னால் வைத்துவிட்டுத்தான் பெண் வீட்டுக்குப் போகின்றன. பழம் ஒரு தட்டு, பூவும் குங்குமமும் ஒரு தட்டு, சேலை ஒரு தட்டு, இனிப்பு ஒரு தட்டு. இன்னொன்றில் மலாய்க்காரர் கல்யாணத்தில் வைப்பது போலத் துண்டை மடித்து அன்னப்பறவை செய்திருந்தார்கள். தட்டுகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டுமாம். நான் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சண்டை ஆரம்பித்தது.

பெண்ணுக்குப் பூவும் பொட்டும் வைத்துப் பரிசச் சேலையைக் கொடுக்க வேண்டியது மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ. கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போடுவதும் அவள்தான். நவீனுக்கோ கூடப்பிறந்தவர்கள் இல்லை. பெரியப்பா மகள் விஜயாவும் சித்தப்பா மகள் தேவியும்தான் அக்கா முறை. இரண்டு பேருமே பட்டுச்சேலை கட்டி, தயாராக வந்திருந்தார்கள்.

"மூத்தவ நான் இருக்கேன். நீ என்ன முந்திரிக்கொட்ட மாதிரி?" என்றார் விஜயா.

"மூத்தவளா? இவன இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சது யாரு? ஒரு நாளாச்சும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பியா?" இது தேவி.

"அப்ப நீயே நடத்து. எங்க வீட்டு ஆளுங்க வரமாட்டாங்க." விஜயா தட்டைக் கீழே வைத்துவிட்டார். பார்த்துக்கொண்டே இருந்த தேவியும் தன் தட்டைக் கீழே வைத்தார்.

சரோஜாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா இல்லாத புள்ள தங்கச்சி. எங்க வீட்டுக்காரரு பக்கம் இருக்கறதே இந்த ரெண்டு வீடுதான். யார கூப்பிட்டாலும் இன்னொரு வீடு கல்யாணத்துக்கு வராது. பதினொண்ணரைக்குள்ள சேல கொடுக்கணும். பொண்ணு வீட்டுல என்ன நெனப்பாங்க?"

எங்களை ஏற்றி வந்த வேனில் சாய்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் ஆ ஹாக், இதே தோட்டத்துக் கடை வீட்டில் பிறந்து வளர்ந்த சீனர். தமிழில் நம்மையே விலை பேசிவிடுவார். என்னைக் கை காட்டினார்.

"இந்தியா அம்மா செய்யட்டும் லா. யாருக்கும் சொந்தம் இல்ல, யாருக்கும் கோவம் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூசாரி என் காலில் மெட்டி இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. பிறகு உதட்டைப் பிதுக்கினார். "சரோஜா இவங்கள தங்கச்சின்னு கூப்பிட்டிருச்சே. அப்ப மாப்பிள்ளைக்குச் சித்தி மொறை. சித்தி எப்படி நாத்தனார் ஆவறது?"

சரோஜாக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இனிமே என்ன அம்மான்னு கூப்பிடு" என்றார்.

எட்டே வயது மூத்த அம்மா! சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அவர் கண்ணைப் பார்த்த பிறகு சிரிக்க மனசு வரவில்லை. "சரிம்மா" என்றேன். விஜயாவும் தேவியும் ஒருவரை ஒருவர் முறைத்தபடி தட்டுகளை எடுத்துக்கொண்டார்கள்.

மலாக்கா டவுனுக்கு முக்கால் மணி நேரம். பெண் ஷர்மினியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் வழி. "வாங்கோ, இருங்கோ" என்று வாசலிலேயே பன்னீர் தெளித்து வரவேற்றார் பெண்ணின் அம்மா. தாம்பூலம் மாற்றினார்கள். ஷர்மினியை நடுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கம் முதலில் சந்தனம், குங்குமம், அப்புறம்தான் பூ. அதே பழக்கத்தில் குங்குமச் சிமிழைத் திறந்து விரலை உள்ளே விட்டேன்.

"ஐயையோ!" பின்னாலிருந்து இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில்.

"பூவ மொதல்ல வைக்கணும்!" என்றார் விஜயா.

"வெறுந்தலைக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?" என்றார் தேவி.

என்ன நடக்கிறது என்று நான் சுதாரிப்பதற்குள் விஜயா மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டார், தேவி என் கையிலிருந்த சிமிழைப் பிடுங்கிக்கொண்டார். "நீ தலையப் புடி, நான் ஊசி குத்துறேன்." "பாத்து அக்கா, பொண்ணுக்கு வலிக்கப் போவுது." ஒருவர் பூ வைக்க, ஒருவர் பொட்டு வைக்க, நடுவில் நான் சேலைத் தட்டை ஏந்திக்கொண்டு கோவில் தூண் போல நின்றேன். கடைசியில் மூன்று பேருமாகச் சேலையைக் கொடுத்தோம்.

பெண்ணின் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "என்ர பிள்ளைக்கு ஒரேயடியா மூண்டு மச்சாள்மார் கிடைச்சிருக்கினம்!"

சரோஜா அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. எனக்கும்தான்.

சாப்பாட்டில் யாழ்ப்பாணத்து இனிப்பான பயத்தம் பணியாரம் வைத்தார்கள், நான் மூன்று தின்றேன். எதிர்ப்பந்தியில் விஜயாவும் தேவியும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "இந்தியாக்காரங்களாம், பொட்டு வைக்கக்கூடத் தெரியல" என்று ஒருவர் ஆரம்பிக்க, "சிமிழத் தொறந்தப்பவே எனக்குப் பக்குன்னு ஆயிருச்சிக்கா" என்று மற்றவர் முடித்தார். என் மானம் போனாலும் பரவாயில்லை, இரண்டு வீடும் ஒரே இலை வரிசையில் உட்கார்ந்துவிட்டன.

போக நினைப்பவர்களுக்கு: சுங்கை ரம்பாய் பக்கம் பேருந்தை நம்பாதீர்கள், வண்டி பேசிக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கோவில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குமேல் மழை. யாராவது விசேஷத்துக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள், நல்ல சேலை ஒன்று பெட்டியில் இருக்கட்டும். அக்கா, தங்கச்சி என்று முறை வைத்துக் கூப்பிடும் முன் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

போன வாரம் வீடியோ அழைப்பு வந்தது. ஒரே சோபாவில் விஜயாவும் தேவியும். "தை மாசம் கல்யாணம். நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். மூணாவது முடிச்ச நீதான் போடணும். நாங்க பக்கத்துல நின்னு சொல்லித் தர்றோம், இல்லன்னா நீ அதையும் தப்பாப் போட்டுருவ."

நான் வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. அண்ணன் தம்பி கிடையாது. எங்கள் ஊரில் எத்தனையோ கல்யாணங்களில், மூன்றாவது முடிச்சுக்கு யாரோ ஒருத்தி மணவறைக்கு ஓடும்போது, நான் கையில் அட்சதையோடு பின்வரிசையில் நின்றிருக்கிறேன். அன்று இரவே டிக்கெட் எடுத்துவிட்டேன்.