டிரைவர் காலடித் தகடு

துரு பெரிய நடிகன். வெளியே பார்த்தால் பெயின்ட்டில் ஒரு சின்னக் கொப்புளம்தான் தெரியும். "சும்மா தேச்சு ஒரு பெயின்ட் அடிச்சுக் குடுங்க பாஸ், போதும்" என்பார் கார்க்காரர். அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போய்விடும். பதுளையில் எனக்கு ஒரு சின்ன கராஜ் இருக்கிறது. டிங்கர் வேலை. துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தகட்டை அதே வளைவுக்குத் தட்டியெடுத்து ஒட்டவைக்கிற வேலை. ஓட்டைக்கு மேல் பட்டி அப்பி மறைத்துக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்காகவே வாடிக்கைக்காரர்களோடு சண்டை போட்டு, இரண்டொருவரை இழந்தும் இருக்கிறேன்.

ஊரான் காரையெல்லாம் பிரித்துப் போட்ட நான், எங்கள் வீட்டுக் காரை மட்டும் தொடாமலே வைத்திருந்தேன். தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில், தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே, உருண்டை மூக்கோடு ஒரு பழைய இங்கிலீஷ் கார் நின்றது. ஏதோ ஒரு துரை விட்டுப்போனது கைமாறிக் கைமாறி அப்பாவிடம் வந்திருந்தது. அப்பா அதில்தான் வாடகைக்கு ஹயர் ஓட்டினார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் முதலில் அப்பாவைத்தான் தேடி ஓடி வருவார்கள்.

அது நின்றுபோனது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில். முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள், படையலுக்குச் சாராயப் போத்தல் வாங்கி வரச் சொல்லி கோயில்காரர்கள் அப்பாவைப் பதுளைக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது, மழைத் தூறலில், ஒரு வளைவில் கார் ரோட்டை விட்டு இறங்கி தேயிலைக்குள் போய் விழுந்தது. அப்பாவுடைய வலது கால் மாட்டிக்கொண்டது. போத்தல் உடைந்தது. ஓடிவந்த சனத்துக்கு முதலில் கிடைத்தது சாராய வாசம்தான். காருக்கு அடியில் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. வாசமே போதுமாக இருந்தது.

"ப்ரேக்க மிதிச்சேன். கால் அது பாட்டுக்குத் தரை வரைக்கும் போயிருச்சு. வண்டி நிக்கல" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார் அப்பா. நாக்கில் ஒரு சொட்டுப் படவில்லை என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். யார் கேட்டார்கள்? "சாமிக்கு வாங்கினத ஆசாமி குடிச்சிட்டாரு" என்று லயம் லயமாகச் சிரித்தார்கள். நொண்டிக் காலோடு வீட்டுக்கு வந்தபோது ஹயரும் போய்விட்டது, பேரும் போய்விட்டது. காரைத் தோட்டத்து ட்ராக்டரில் கட்டி இழுத்து வந்து சாய்ப்பில் விட்டார்கள்.

ஊர் நம்பாததை அப்பா தாங்கிக்கொண்டார். அம்மா நம்பாததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அம்மாவின் அப்பா குடித்தே குடும்பத்தைத் தெருவில் விட்டவர். குடிக்காத மாப்பிள்ளை என்ற ஒன்றுக்காகத்தான் அப்பாவுக்குக் கழுத்தை நீட்டினாள். அன்றிலிருந்து அவரோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், சுடுதண்ணி வைத்துக் கொடுப்பாள், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். பேச்சு மட்டும் என் வழியாக. "ஒங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்பாள், அவர் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் கோழியிடம் சொல்வாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வந்ததில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரனாக நின்றே எனக்கு மீசை முளைத்தது. அப்பாவிடமிருந்து வருகிற தபால் எப்போதும் ஒன்றுதான். "ஒங்கம்மா இப்பவாவது நம்புறாளான்னு கேட்டுச் சொல்லுப்பா."

வெளிநாட்டிலிருந்து வண்டி வருவது நின்றுபோன பிறகு பழைய கார்களுக்கு ஒரு மவுசு வந்தது. பண்டாரவளைப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார்தான் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் காரைப் பிரித்துச் சரிசெய்யலாமா என்று நான் தயங்கித் தயங்கித்தான் அப்பாவிடம் கேட்டேன்.  "பிரிக்கிறதுன்னா முழுசா பிரி. அரைகுறையா விட்றாத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாய்ப்பிலேயே வைத்து வேலையைத் தொடங்கினேன். நசுங்கிய மட்காட்டைக் கழற்றி எறிந்தேன். கதவுகளின் அடிவிளிம்பு சல்லடையாக இருந்தது. அதற்குப் புதுத் தகடு மடித்தேன். கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகடுதான் இந்த மாதிரிக் காருக்கு முதுகெலும்பு. அதை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து வெல்ட் பண்ணிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு ஒரு கதவும் சாத்தாது. அப்பா பிளாஸ்டிக் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். "கம்பி வச்சிட்டியா?" என்று இடைக்கிடை கேட்பார். வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டும் கேட்பார். அம்மா அடுப்படி ஜன்னலிலிருந்து, "ஒங்கப்பாவ நெருப்புப் பொறி படாம தள்ளி உக்காரச் சொல்லு" என்பாள்.

பெட்டித் தகடுகள் முடிந்து, கடைசியில் தரைத் தகட்டுக்கு வந்தேன். இடது பக்கம் மேல் துருதான். தேய்த்தால் நல்ல தகடு தெரிந்தது. வலது பக்கம், டிரைவர் கால் வைக்கிற இடம், அப்பளமாக நொறுங்கியது. ஒரே கார், ஒரே மழை, ஒரே படங்கு. ஒரு பக்கத்தை மட்டும் துரு ஏன் இப்படித் தின்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஈரச் செருப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நொறுங்கியதைச் சுற்றி வெட்டித் தூக்கினேன்.

கீழே ப்ரேக் பைப் ஓடியது. அந்த ஓட்டைக்கு நேர் கீழே பைப்பும் அரித்துப்போயிருந்தது. நின்ற காரில் பிறகு அரித்ததாகவும் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ப்ரேக் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும். நின்ற காரில் ஒழுகினால் சொட்டுச் சொட்டாக நேரே கீழே விழும். இங்கே பைப்பின் ஓட்டையிலிருந்து பின்பக்கமாக, விசிறி விரித்த மாதிரி, சட்டத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. எண்ணெய் அழுத்தத்தோடு பீறியடித்திருக்கிறது. மிதித்த நேரத்தில்தான் பைப் போயிருக்கிறது. அந்தக் காலத்துக் காரில் நாலு சில்லுக்கும் ஒரே எண்ணெய் வழி. ஒரு இடத்தில் போனால் எல்லாம் போச்சு.

அப்பா பொய் சொல்லவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மா! அம்மா, இங்க ஓடி வா!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே, வெட்டி எடுத்த தகட்டை அவளுக்குக் காட்டுவதற்காகத் திருப்பினேன். அதில் ஒட்டிக்கொண்டிருந்த கால்மிதியின் அடியில் மஞ்சள் துணி ஒன்று, துருவோடு துருவாகக் கிடந்தது.

அது யார் வைத்தது என்று எனக்குத் தெரியும். கார் ஓடிய காலத்தில் அம்மா ஒவ்வொரு அமாவாசைக்கும் கல்லுப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து அப்பாவையும் காரையும் சுற்றிக் கழிப்பாள். மிளகாயை அடுப்பில் போடுவாள். உப்பை மட்டும் மஞ்சள் துணியில் முடிந்து, டிரைவர் கால்மிதிக்கு அடியில் வைப்பாள். அடுத்த அமாவாசைக்கு எடுத்துப் பார்ப்பாள். எங்கள் பக்கத்துப் பனிக்கும் மழைக்கும் உப்பு கரைந்து முடிச்சு சுருங்கியிருக்கும். "பாத்தியா, எத்தன கண்ணு! அம்புட்டும் கரஞ்சிருச்சு" என்று சந்தோஷப்பட்டுப் புது முடிச்சு வைப்பாள். கரைந்த உப்பு எங்கே போனது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. மாதாமாதம் தகட்டுக்குள் இறங்கி, தகட்டைத் தின்று, பைப்புக்குச் சொட்டியிருக்கிறது.

அப்பாவை நிரபராதி ஆக்குகிற அதே துண்டு, அம்மாவைக் குற்றவாளி ஆக்கும். புருஷன் காலை ஒடித்ததும், அவர் தொழிலைக் கெடுத்ததும், அவரைக் குடிகாரன் என்று இத்தனை வருஷம் நினைத்ததும் எல்லாம் சேர்ந்து அவள் தலையில் விழும். அவள் தாங்க மாட்டாள். சொல்லாவிட்டால் அப்பா குடிகாரனாகவே சாவார். என்ன செய்வதென்று தெரியாமல் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா கதிரையிலிருந்து எழுந்து வந்திருந்தார். பைப்பைப் பார்த்தார், விசிறியாக உரிந்த பெயின்ட்டைப் பார்த்தார். டிரைவர் அல்லவா, அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு துணியைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவருடைய வாய் கோணிக்கொண்டு வந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். துணியைப் பிய்த்தெடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"கூப்புட்டுட்டியா?" என்றார்.

"கூப்புட்டுட்டேன்ப்பா."

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னடா? ஒங்கப்பாவுக்கு என்னா?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் கையை அழுத்திப் பிடித்தார்.

"புள்ள" என்றார் அவளைப் பார்த்து. "அன்னிக்கு நான் குடிச்சிருந்தேன். சாமிக்கு வாங்குன போத்தல்லருந்துதான். கொஞ்சந்தான் குடிச்சேன்."

எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. யார் மேல் என்று இன்று வரைக்கும் தெரியாது. 'இந்தா பாரும்மா பைப்பை' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அப்பாவின் பிடி இறுகியது. அந்தக் கைக்கு அவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

 கராஜிலிருந்து நான் கொண்டுவந்திருந்த சாமான் பெட்டி மேல் அம்மா உட்கார்ந்தாள். "புள்ள தலையில கை வச்சு பொய்ச் சத்தியம் பண்ணுனீங்களே" என்றாள். நேராக அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பண்ணிட்டேன்" என்றார் அப்பா. "பயந்துட்டேன்."

அம்மா அழுதாள். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, நெஞ்சில் கிடந்த பாரமெல்லாம் இறங்குகிற மாதிரி அழுதாள். "எங்கப்பன் சாகுற வரைக்கும் குடிச்சத ஒத்துக்கிட்டதே இல்ல. நீங்க ஒத்துக்கிட்டீங்களே, அது போதும் எனக்கு" என்றாள். பிறகு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து, அவரை மெதுவாகக் கதிரையில் உட்காரவைத்தாள். அப்பா அவளுடைய கையை விடவில்லை. வெட்டுப்பட்ட காரையும் தரையில் தெரிந்த பெரிய ஓட்டையையும் அம்மா அப்போதுதான் பார்த்தாள்.

"குடிச்சிட்டு அந்த வளைவுல விழுந்தும் நீங்க உசுரோட வந்தீங்கன்னா, எதனாலன்னு நெனைக்கிறீங்க?" என்றாள். "ஒங்க காலடியில நான் வச்ச உப்புதான்."

"ஆமா புள்ள" என்றார் அப்பா. "நீ வச்ச உப்புதான்."