படத்துக்கு உடுத்திய துணி

குடும்பத்தோடு போட்டோ எடுக்கப் போகிறோம், நல்ல சட்டையாக ஒன்று எடுத்துக்கொண்டு வா என்று அண்ணன் ஒரு பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பியிருந்தான். நான் அப்போது நாகப்பட்டினத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு வீட்டை விட்டு ஓடியவன். சலவைக்கடை, ஓட்டல், லாரி என்று கிடைத்த இடத்தில் வேலை செய்து, கிடைத்த இடத்தில் படுத்து, காய்ச்சல் வந்தால் அது தானாகப் போகும்வரை சுருண்டு கிடந்து பழகியிருந்தேன். இடையில் இரண்டொரு முறை ஊருக்குப் போனதுண்டு. ஆனால் என்னை வரச்சொல்லி வீட்டிலிருந்து வந்த முதல் சேதி அதுதான். நாகூருக்குப் போய், சிங்கப்பூர்ச் சரக்கு விற்கும் கடையில் நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட டெரிலின் சட்டை ஒன்று வாங்கினேன்.

"மாப்ளைக்கா?" என்றார் கடைக்கார பாய்.

"குடும்பப் படத்துக்குங்க" என்றேன். சொன்னபோது எனக்கே கேட்க நன்றாக இருந்தது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே. பண்ணையாரின் நிலத்தில் தலைமுறைகளாகக் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அப்பா செங்கொடிச் சங்கத்தில் முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர். பண்ணையார் எதிரில் வந்தால் எங்கள் ஆட்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்றிருந்த நாளில், அவர் தோளிலேயே போட்டுக்கொண்டு நின்றார். அதற்கு வாங்கிய அடியில் இடது காது கேட்காமல் போயிற்று. பிறகு ஆட்சி மாறியது. ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்று உச்சவரம்புச் சட்டம் வந்தது. பண்ணையாரிடம் அதற்கு மேல் இருப்பதை எடுத்து எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்போகிறார்கள் என்பதுதான் தெருவில் எப்போதும் பேச்சு. அப்பாவுக்கு வாய்க்கால் ஓரத்துத் துண்டு வேண்டும். அதன் வரப்பில் எங்கே தென்னை வைப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தார்.

அண்ணனும் முன்பு அவரோடு கொடி பிடித்தவன். நான் போனபோது ஆளுங்கட்சிக் கரை வேட்டி கட்டியிருந்தான். பண்ணையார் வீட்டிலும் அதே வேட்டி வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

என் சட்டையைப் பிரித்துப் பார்த்து அண்ணன் சிரித்தான்.

"என்னடா இது, சர்க்கஸ்காரன் மாதிரி?"

"நல்ல சட்டைன்னு சொன்னியேண்ணே."

"நல்ல சட்டைன்னா வெள்ளைடா. எல்லாருக்கும் கொண்டாந்திருக்கேன் பாரு."

ஒரு மூட்டையை அவிழ்த்தான். அப்பாவுக்கு ஜரிகைக் கரை வேட்டியும் காலர் வைத்த வெள்ளைச் சட்டையும். அம்மாவுக்கு அரக்குப் பட்டு. தங்கைக்குப் பாவாடை தாவணி. எனக்கும் அவனுக்கும் மல் வேட்டி, வெள்ளைச் சட்டை. கடைசியில் தங்கநிறக் கைக்கடிகாரம் ஒன்று. மன்னார்குடி லாண்டரியில் வாடகைக்கு எடுத்ததாகச் சொன்னான். அப்படி எடுப்பது வழக்கம்தான். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எடுப்பார்கள். தங்கைக்கு ஒரு இடம் வந்திருக்கிறது, பையன் கவர்மென்ட் உத்தியோகம், குடும்பத்தைப் படத்தில் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்றான்.

அப்பா சிவப்புத் துண்டைக் கையில் எடுத்தார். "இதைத் தோள்ல போட்டுக்கறேன்."

"அதைப் போட்டா படத்தை வெளிய காட்ட முடியாதுப்பா."

"ஏன் காட்ட முடியாது?"

"ஒரு நாள் தோள்ல இல்லாட்டி சங்கம் ஒண்ணும் கலைஞ்சிடாது" என்றாள் அம்மா. "பொண்ணுக்காவத்தான கேக்குறான்."

"போட்டுக்கட்டும்மா" என்றாள் தங்கை. "மாப்ள வூட்டுல பாத்துட்டு நம்மகிட்ட கூலி ஒசத்திக் கேப்பாங்க."

அப்பாவே சிரித்துவிட்டார். துண்டை மடித்து நெல் குதிரின் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஸ்டூடியோவின் பின்னறையில் உடை மாற்றினோம். அப்பாவுக்குப் பொத்தான் போட்டுவிட்டபோது காலரின் உள்பக்கம் சேங்கொட்டை மையில் சலவைக் குறி தெரிந்தது: ஒரு கோடு, கீழே மூன்று புள்ளி. என் சட்டையிலும் அதுவே. வேட்டி முனையிலும் அதுவே. சலவைக்கடையில் வேலை பார்த்தவனுக்கு அது உறுத்தும். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி. துணி மாறிப்போகாமல் இருக்கத்தான் அதைப் போடுவதே.

"எல்லாம் ஒரே வீட்டுத் துணியாண்ணே?"

"அது கடைக்காரன் போடுற குறிடா. வாடகைத் துணின்னு தெரியறதுக்கு."

அப்படியும் இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரைக்கு முன்னால் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தார் ஸ்டூடியோக்காரர்.

"பெரியவரே, கையக் கட்டாதீங்க. கால்மேல கால் போட்டு உக்காருங்க."

அப்பாவுக்கு அது வரவில்லை. யார் முன்னாலும் அப்படி உட்கார்ந்தவர் இல்லை. தூக்கிப் போட்ட கால் தானாக இறங்கியது. கடைசியில் அண்ணன் குனிந்து அவருடைய வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் வைத்து, கடிகாரம் தெரியும்படி கையைத் திருப்பிவிட்டான்.

"சிரிக்காட்டி பரவாயில்ல, முறைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அன்று மாலையே துணிகளைத் திருப்பித் தர வேண்டும் என்று அண்ணன் மூட்டையோடு போய்விட்டான்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. நடவு நேரம் என்பதால் நானும் ஊரிலேயே தங்கிவிட்டேன். ஒரு நாள் உச்சவரம்பு விசாரணைக்கு அதிகாரி வருவதாகத் தண்டோரா போட்டார்கள். அப்பா சேற்றைக்கூடக் கழுவாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். தெரு முழுதும் அங்கே இருந்தது. அண்ணன், பண்ணையின் ஆட்களையும் வரவுசெலவையும் பார்க்கும் காரியக்காரருக்குப் பக்கத்தில் நின்றான்.

வாய்க்கால் ஓரத்து ஆறு ஏக்கர் இப்போது பண்ணையாருடையது இல்லை, விற்றாகிவிட்டது என்றார் காரியக்காரர். வாங்கியவர் பெயர் என்று அவர் சொன்னது அப்பாவின் பெயரை.

தெரு அப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

"கூலிக்காரர் ஆறு ஏக்கர் எப்படி வாங்கினார்?" என்றார் அதிகாரி.

"கூலிக்காரருன்னு யாருங்க சொன்னது? குடும்பத்தப் பாருங்க" என்று காரியக்காரர் எங்கள் படத்தை எடுத்து நீட்டினார்.

அதிகாரி படத்தைப் பார்த்தார். சேற்றுக்காலோடு நின்றவரைப் பார்த்தார். "இதுல இருக்கறது நீங்கதானா?"

அப்பா கிட்டே போய்ப் பார்த்தார். "ஆளு நாந்தாங்க" என்றார். "துணி அவங்களுது."

எனக்கு அப்போதுதான் அந்தக் குறி பண்ணையார் வீட்டுக் குறி என்று விளங்கியது. காலரில் சலவைக் குறி இருக்கிறது என்று கத்தினேன். "துணியக் கொண்டாங்க தம்பி, பாக்கலாம்" என்றார் காரியக்காரர், மிகவும் மரியாதையாக.

அதிகாரி அண்ணனைக் கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அப்பாவுக்கு நிதானம் இல்லீங்க. அப்பப்ப இப்படித்தான். நெலத்தை நாந்தான் பாத்துக்கறேன்."

அவன் நின்றது அப்பாவின் இடது பக்கம். அப்பா என்னிடம் திரும்பினார். "என்ன சொல்றான்?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய வலது காதில் வாயை வைத்து அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த நிலம் காகிதத்தில் எங்கள் பெயரிலேயே இருந்தது; விளைச்சல் பண்ணையாருக்குப் போயிற்று. அதில் அப்பா கூலிக்குக் களையெடுத்தார். சங்கக் கூட்டத்துக்குச் சொல்ல எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நெருப்பு கேட்டு வருவதும் நின்றது. அண்ணனுக்குப் பண்ணையாரின் ரைஸ்மில்லில் வேலை கிடைத்தது. அவனைத் தேடிப்போய், தங்கை பேரைச் சொல்லி ஏமாற்றியது இருக்கட்டும், என்னை எதற்காகக் கூப்பிட்டாய் என்று கேட்டேன்.

"காரியக்காரருதான் நீயும் இருக்கணும்னாரு. ஆம்பளப் புள்ள ரெண்டு பேரு நின்னா குடும்பம் கனமாத் தெரியும்னு."

அடித்திருக்கலாம். பஸ் ஏறிப் போய்விட்டேன். நீலக்கட்டம் போட்ட சட்டை லாரியில் கிரீஸ் துடைத்தே கிழிந்தது.

அப்பா இறந்த சேதி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் அண்ணன் வந்தான். அந்தப் படத்தில் அப்பாவை மட்டும் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு எடுத்து வந்திருந்தான். வேறு படம் அவருக்குக் கிடையாது. அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கழுத்துக்குக் கீழே கையால் மறைத்து, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சிய மட்டும் தனியா எடுத்துத் தருவாங்களா?" என்று கேட்டாள்.

"எடுக்கலாம்மா" என்றான் அண்ணன். "கொஞ்சம் காலர் தெரியும்."

"அப்ப வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.