பதினோரு பாயிண்ட் பதில்

பகலில் காப்பீட்டு அலுவலகத்துக்குச் சம்பளப் பட்டியல் மென்பொருள் எழுதுவது அவளுக்குப் பிழைப்பு. வீட்டில் ஆறு வருடமாகத் தனியாக எழுதி வந்த சதுரங்க மென்பொருள்தான் உயிர். நானூறு பேர் அதோடு ஆடினார்கள். முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் இணையத்தில் எழுதினார்: "வலுவாகத்தான் ஆடுகிறது. ஆனால் ஜெயித்த ஆட்டத்தை முடிக்கத் தெரியவில்லை. ராணியை வைத்துக்கொண்டு என் ஒற்றை ராஜாவைச் சுற்றி ஊர்வலம் போகிறது."

பெற்ற பிள்ளையைத் தெருவில் நிறுத்தித் திட்டியதுபோல் அவளுக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்த சூட்டோடு பதினோரு பாயிண்ட் போட்டுப் பதில் எழுதினாள். நான்காவதில், அவருடைய கணினி பழசாக இருக்கலாம் என்றாள். ஒன்பதாவதில், அவருக்கு ஆட்டம் தெரியுமா என்று நாசூக்காகக் கேட்டாள்.

அடுத்த வாரம் கடைவாய்ப் பல் உயிரை எடுத்தது. நாத்தனார் உதவியாளராக இருக்கும் பல் டாக்டரிடமே போனாள். டாக்டர் ஊசி போட்டு, கன்னம் மரத்ததும் பஞ்சைத் திணித்துக் குடையத் தொடங்கினார். அவருக்குப் பேச ஆள் வேண்டும். எதிர்ப்பேச்சு பேச முடியாத ஆள் என்றால் இன்னும் வசதி.

"சும்மா இருக்கறப்போ கம்ப்யூட்டர்ல செஸ் ஆடுவேங்க. அதுல ஒரு குறை இருக்குன்னு எழுதினேன். அதைச் செஞ்ச ஆளு பதினோரு பாயிண்ட் போட்டு பதில் எழுதியிருக்கான். பாவம், வேலை வெட்டி இல்லாதவன் போல."

"ங்ஆ," என்றாள் அவள்.

"வலிக்குதா?"

இல்லையென்று தலையாட்டினாள். அந்த ஆள் யாரென்று நாத்தனாருக்குத் தெரியும். சிரிப்பை அடக்கியதில் நாத்தனார் கையிலிருந்த, எச்சில் உறிஞ்சும் குழாய் குலுங்கியது. "அண்ணி, ஆடாம இருங்க," என்றாள், ஆடிக்கொண்டே.

பல்லில் அடைத்தது இறுகட்டும் என்று கையுறையைக் கழற்றிய டாக்டர், மேசைக் கணினியைத் திருப்பிக் காட்டினார். "இப்பவும் அதே கூத்துதான், பாருங்க." ஒரே நகர்த்தலில் எதிர் ராஜாவை மடக்கி ஆட்டத்தை முடிக்கும் மேட் காத்திருந்தது. அவள் பெற்ற பிள்ளை ராணியை எடுத்துத் தூரத்து மூலையில் வைத்தது.

வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்கு வந்து நிரலைப் பிரித்தாள். இப்போதே மேட் வைத்தாலும், ஐந்து நகர்த்தல் தள்ளி வைத்தாலும் அது ஒரே மதிப்பெண்தான் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதற்கு என்ன அவசரம்? ஒரே வரி, பத்து நிமிடத்தில் திருத்திவிட்டாள். டாக்டருக்குப் பதில் எழுதத்தான் ஒரு மணி நேரம் பிடித்தது. "ஒருவகையில் நீங்கள் சொன்னது சரி" என்று எழுதினாள். "ஒருவகையில்" என்பதை அழித்தாள். "ஓரளவு" என்று போட்டாள். அதையும் அழித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் குஷியாக இருந்தார். "அந்த ஆளு திருந்திட்டான். இப்ப பட்டு பட்டுன்னு முடிக்குது."

அவள் நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த ஆளு நான்தான் டாக்டர்."

டாக்டர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் பஞ்சு டப்பாவுக்குள் எதையோ தேடினாள்.

"தெரியாமப் போச்சேங்க," என்றார் டாக்டர்.

"தெரிஞ்சிருந்தா?"

சற்று யோசித்தார். "வாங்க போங்கன்னு திட்டியிருப்பேன்."

இப்போதெல்லாம் புதுப் பதிப்பு எதுவானாலும் முதலில் அவருக்குத்தான் போகிறது. அவர் உள்ளே ஆடிக்கொண்டிருக்க, வெளியே ஆட்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று நாத்தனார்தான் அவளிடம் புலம்புகிறாள்.