ஆறு மணி நேரக் கணக்கு

குளிரான மலைநாட்டில், கினிகத்தேனைப் பக்கம் ஒரு மீன்குஞ்சு நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. ரோகு மீன் தொட்டியில் தானாக முட்டையிடாது. அதன் மூளை அனுப்ப வேண்டிய ஹார்மோனை நாங்கள் ஊசியாகப் போட்டால்தான் சினை முற்றும். ஆறு மணி நேரத்தில் முட்டையை எடுக்கலாம் என்று வெயில் பிரதேசத்தில் நடந்த பயிற்சியில் சொன்னார்கள்.

காலை எட்டுக்கு ஊசி போட்டேன். இரண்டானதும் மீனைத் தூக்கச் சொன்னேன். கூட வேலை செய்யும் செல்வி தயங்கினாள்.

“தண்ணி ஜில்லுன்னு இருக்குண்ணே. வயிறு இன்னும் கல்லு மாதிரி இருக்கு. கொஞ்சம் பொறுங்க.”

“நேரம் ஆயிருச்சு, புடி.”

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடிகாரத்தை மீற எனக்குத் தெரியாது.

வயிற்றை அழுத்தினேன். முட்டை வரவில்லை. இன்னும் அழுத்தினேன், ரத்தம் வந்தது. எங்களிடமிருந்த பெரிய தாய்மீன் செல்வியின் கையிலேயே உயிர்விட்டது. அவள் அதை ஈரச்சாக்கில் சுற்றினாள்.

குளிர்நீரில் சினை முற்ற அதிக நேரமாகும் என்பதும் என் பயிற்சிக் கொப்பியில் இருந்தது. நான் ஆறு மணி நேரத்தை மட்டும் கோடிட்டிருந்தேன்.

மறுநாள் அதிகாலை அடுத்த மீனுக்கு ஊசி போட்டதும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் செல்வியிடம் கொடுத்தேன். தொட்டியை விட்டு நகரவில்லை. பொழுது சாயும்போது, விரல் பட்டதுமே முட்டைகள் வழிந்தன.

“எத்தன மணி நேரமாச்சு?”

“பாக்கலண்ணே.”

இன்றும் நேரத்தைக் குறிக்கிறேன். ஆனால் வயிறு இளகியதைச் செல்வி தொட்டுப் பார்த்துச் சொல்லாமல், எந்த மீன்மீதும் கை வைப்பதில்லை.